ஒஹாயோவில் வில்லங்கம் பார்த்த கதை

பத்திரப்பதிவு ஆபீஸில் ஆயுளைக் கழித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் ‘இதற்கு முந்தைய காகிதம் எங்கே?’ என்று கேட்பான். ஒரு மனைக்கு வில்லங்கம் போட்டு, தாய்ப்பத்திரம் வரை பின்னாலேயே போய், “இந்த இடத்துல ஒரு பாகப்பிரிவினை இடிக்குதே” என்று பார்ட்டியை வெயிலில் நிறுத்திவைக்கும் சுகம் வேறெந்த உத்தியோகத்திலும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி என்னை விடவில்லை. அதையும் சேர்த்துப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் ஒஹாயோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். அதுவும் குளிர்காலத்தில், வெளியே கால் வைக்க முடியாத நாட்களில்.

மாப்பிள்ளை அமெரிக்கர். பேத்தியின் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். நம் பக்கம் அரை மணியில் முடிந்துவிட்டது. என் தாத்தாவின் அப்பா பெயர் வரை எனக்குத் தெரியும். அதற்கு மேலே குலதெய்வத்தின் பெயர்தான் தெரியும். அமெரிக்கப் பக்கத்துக்குச் சம்பந்தி கொடுத்தது ஒரே வாக்கியம்: “என் தாத்தாவுடைய தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்தவர், உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர்.” கூடவே தாடிக்காரர் ஒருவரின் புகைப்படம். பின்பக்கம் திருப்பினால் ஒரு எழுத்தும் இல்லை.

“அதை நான் பார்த்துக்கறேன்” என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

“அப்பா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க” என்றாள் மகள்.

அமெரிக்காவில் இதற்குள்ள வசதியைப் பார்த்து முதலில் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. உட்டா மாநிலத்து மோர்மன் சபையார் 1894-லேயே வம்சாவளிக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். செத்துப்போன முன்னோருக்கும் ஞானஸ்நானம் வாங்கித் தரலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியென்றால் முன்னோர் யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டுமல்லவா? உலகம் பூராவும் போய்ப் பதிவேடுகளைப் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் மலையைக் குடைந்து உள்ளே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து காசில்லாமல் பார்க்கலாம். மழைக்காலத்தில் ரெக்கார்டு ரூமில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் வாளி வைத்தவன் நான்.

இந்த வித்தை தெரிந்தவர்கள் சொல்லும் முதல் விதி, உன்னிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போ என்பது. அப்பாவின் பத்திரம் கையில் இல்லாமல் பாட்டன் பத்திரத்தைத் தேடக் கூடாது. உத்தியோக காலம் முழுக்க நான் மற்றவர்களுக்குச் சொன்னதும் அதுதான். ஆனால் தாடிக்காரரைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. சம்பந்தியின் அப்பா, தாத்தா எல்லோரையும் தாண்டி, நேரே 1860-ஆம் வருஷத்து சென்சஸில் போய்க் குதித்தேன்.

அந்தப் பெரியவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, சம்பந்தி கோபித்துக்கொள்வார். ஜெர்மனியில் ஷ்மிட்டாக இருந்து அமெரிக்காவில் ஸ்மித் ஆகிற ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோவில் அந்தப் பெயர் உள்ளவர்களைத் தேடினால் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தார்கள். எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் ஒலியை வைத்துப் பெயர்களைத் திரட்டும் ‘சவுண்டெக்ஸ்’ என்று ஒரு முறை இருக்கிறது; 1918-ல் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்து, பின்னால் மூன்று எண்கள், அவ்வளவுதான் கணக்கு. அதில் ஷ்மிட்டும் எஸ் 530, ஸ்மித்தும் எஸ் 530. விட்டுப்போகாமல் தேடவேண்டும் என்று செய்த ஏற்பாடு. எனக்கோ, ஏற்கெனவே நிரம்பி வழிந்த கூட்டத்தில் இன்னொரு கூட்டத்தையும் கொண்டுவந்து தள்ளியது.

சரி, ஆள் கிடைக்காவிட்டால் என்ன, பெயர் மாறிய கதையையாவது சொல்லலாம் என்று அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன். எல்லிஸ் தீவில் கப்பலைவிட்டு இறங்கினாராம், அங்கேயிருந்த குமாஸ்தாவுக்கு ஷ்மிட் என்ற பெயர் வாயில் நுழையாமல் ஸ்மித் என்று எழுதிவிட்டானாம். ஒரு குமாஸ்தாவைக் குறை சொல்ல இன்னொரு குமாஸ்தாவைவிடத் தகுதியானவன் யார்? மாப்பிள்ளை கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “எல்லிஸ் தீவு 1892-ல்தானே திறந்தார்கள்? நீங்கள் இவரை 1860 சென்சஸில் அல்லவா தேடுகிறீர்கள்?”

பிறகு படித்துப் பார்த்தேன். எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1. அதற்கு முன்னால் நியூயார்க்கில் காசில் கார்டன் என்ற இடம்; அதுவும் 1855-ல்தான் வந்தது. அதற்கும் முன்னால் வந்தவர்கள் துறைமுகத்தில் இறங்கி அப்படியே நடந்து போனார்கள். பால்டிமோரிலும் நியூ ஆர்லியன்ஸிலும் இறங்கியவர்கள் வேறு. எல்லாவற்றையும்விட, எல்லிஸ் தீவு அதிகாரிகள் யார் பெயரையும் புதிதாக எழுதவே இல்லை. கப்பல் புறப்பட்ட ஊரிலேயே எழுதிவந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அவர்களேதான். கடைப்பலகைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டார்கள். முகம் தெரியாத அந்தக் குமாஸ்தாவிடம் நான் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அவமானத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது ஆனி மூர். எல்லிஸ் தீவில் முதலாவதாகப் பதிவான அயர்லாந்துப் பெண் அவள். அவளுக்குச் சிலைகூட இருக்கிறது. அவள் பிறகு டெக்சாஸ் போய் வாழ்ந்தாள் என்று பல காலம் எல்லோரும் நம்பி, அந்த டெக்சாஸ் ஆனியின் வழிவந்தவர்களை விழாக்களுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். 2006-ல்தான் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். டெக்சாஸ் ஆனி பிறந்ததே அமெரிக்காவில், இல்லினாய்ஸில். கப்பலில் வந்த ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகாமல், அங்கேயே பிள்ளைகளைப் பெற்று 1924-ல் கண்ணை மூடியிருக்கிறாள். சிலை வைத்தவர்களே ஆள் மாறிப்போனார்கள் என்றால் நான் எம்மாத்திரம்? இதையும் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். யாரும் அவ்வளவாக ரசிக்கவில்லை.

இதற்குள் 1860 சென்சஸில் ஒருவர் அகப்பட்டார். வயது பொருந்தியது, தொழில் விவசாயம், பிறந்த இடம் ஹானோவர். 1870-ல் அதே பெயரில், ஏறத்தாழ அதே வயதில் ஒருவர். பிறந்த இடம் பிரஷ்யா. மனிதன் பிறந்த ஊர் பத்து வருஷத்தில் மாறுமா? மாறாது. ஆகவே இவர்கள் வேறு வேறு ஆட்கள் என்று தீர்ப்பெழுதி, ஹானோவர்காரரைத் தள்ளிவிட்டேன். தள்ளுபடி செய்வதில் எனக்கிருக்கும் சந்தோஷம் என் கீழே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹானோவர் ஒரு தனி ராஜ்யம் என்பதும், 1866-ல் பிரஷ்யா அதை விழுங்கிவிட்டது என்பதும், ஜெர்மனி என்று ஒரு நாடே 1871-ல்தான் உருவானது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவர் இருந்த இடத்திலேயேதான் இருந்தார். அவர் பிறந்த ராஜ்யம்தான் பட்டா மாறிப்போனது.

சரியான ஆளைத் தூக்கியெறிந்ததற்குத் தண்டனையும் உடனே வந்தது. 1870 ஏட்டில் அவர் வீட்டில் அவரும், இருபது வயதில் மேரி என்று ஒருத்தியும், கீழே சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவருக்கு நாற்பத்து நாலு. அன்று இரவே அறிவித்தேன்: “உங்க முன்னோர் தன் வயசுல பாதிகூட இல்லாத பொண்ணைக் கல்யாணம் பண்ணியிருக்கார்.” சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். சம்பந்தியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் நாலு தலைமுறைக் கோபம் இருந்தது.

விஷயம் என்னவென்றால், 1850-க்கு முன்னால் அமெரிக்க சென்சஸில் வீட்டுத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் வயதுவாரியாகப் போட்ட வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்து அடிமையாக இல்லாத ஒவ்வொருவர் பெயரும் வந்தது. ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்ற கலம் 1880-ல்தான் வந்தது. 1870 ஏட்டில் ஒரு பெண் பெயர் இரண்டாவதாக இருக்கிறதென்றால் மனைவி என்று ஊகிக்கலாமே தவிர, நிரூபிக்க முடியாது. 1880 ஏட்டைத் திறந்தேன். மேரி அப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கல்யாணமாகவில்லை. உறவு: மகள். நான் விசிறியெறிந்த 1860 ஏட்டில், அப்பாவும் அம்மாவும் இருக்கிற வீட்டில், சின்னப் பெண்ணாக அவள் உட்கார்ந்திருந்தாள். நடுவில் அம்மா செத்துப்போய், மூத்தவள் தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப்போட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணைத்தான் நான் கட்டிவைத்துவிட்டேன்.

இதைத் திருத்திச் சொன்ன இரவு, சம்பந்தி எழுந்து வந்து என் தோளில் தட்டினார். அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அது இன்னும் எனக்குப் பழகவில்லை. “நீ கொஞ்சம் மெதுவாகப் போகலாம்” என்றார்.

மெதுவாகப் போவதற்காக ஊர் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே வம்சாவளிக்கென்றே ஒரு தனி அறை. பெரும்பாலும் என்னைப் போல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பக்கத்து மேஜையில் ஒரு கறுப்பின அம்மாள்; அவர் முன்னோர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கியில் இருந்தவர்கள். ஹானோவர், பிரஷ்யா என்று நான் புலம்பியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் திரையைத் திருப்பிக் காட்டினார். 1860-ஆம் வருஷத்து அடிமைகள் அட்டவணை. எசமானர் பெயர் இருக்கிறது. கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் என்ற கலமே இல்லை. 1870-ல்தான் அவருடைய குடும்பத்தார் எல்லோரும் பெயரோடு சென்சஸுக்குள் வருகிறார்கள். “இருபத்தாறு வயதுப் பெண் என்று ஒரு வரி இருக்கிறது. அது என் பாட்டியின் பாட்டியாக இருக்கலாம்” என்றார். அதன் பிறகு அந்த அறையில் நான் புலம்பவில்லை. வீட்டில் புலம்பினேன்.

இனி கெட்டிஸ்பர்க். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம்தான்.

உள்நாட்டுப் போர் சிப்பாய்களின் பெயர்களைத் தேசியப் பூங்காத் துறை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கிறது. 63 லட்சம் பதிவுகள். நம் பெரியவர் பெயரைப் போட்டால் ஒஹாயோவில் மட்டும் ஒரு சின்னப் படையே எழுந்து நின்றது. அதில் ஒருவர் 107-ஆம் ஒஹாயோ காலாட்படையில் இருந்தார். அது ஜெர்மானியர்கள் நிறைந்த படை; 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் பலத்த அடி வாங்கியது. ஜெர்மானியர், ஒஹாயோ, பெயரும் சரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? பேத்தியின் குடும்ப மரத்தில் தாடிக்காரர் படத்துக்குப் பக்கத்தில் நானே ஒரு பீரங்கி வரைந்து கொடுத்தேன். கொஞ்சம் புகையும் வரைந்தேன். ‘கெட்டிஸ்பர்க் வீரர்’ என்று பேத்தி வகுப்பில் எழுந்து நின்று சொல்லி, நட்சத்திரம் வாங்கிவந்தாள். சம்பந்தி அன்றைக்கு என்னை ஹோட்டலுக்கு அழைத்துப்போய், சைவமாக என்ன கிடைக்கும் என்று தானே விசாரித்து வாங்கிக் கொடுத்தார்.

அந்த உபசாரம் செரிப்பதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. 107-ஆம் படை கிளீவ்லாண்டுப் பக்கத்தில் திரட்டிய படை. நம் ஆள் மாநிலத்தின் தென்கோடி. உறுதிப்படுத்திக்கொள்ள 1890 சென்சஸைத் தேடப் போனால், அது இல்லை. 1921 ஜனவரி 10-ஆம் தேதி வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. வேறு சில வருஷங்களின் ஏடுகள் பெட்டக அறைக்குள் இருந்தன; 1890 மட்டும் வெளியே பலகை அலமாரியில். எரிந்தது கொஞ்சம், அணைக்க அடித்த தண்ணீரில் ஊறியது நிறைய. மிச்சத்தையும் பிறகு அழித்துவிட அமெரிக்கக் காங்கிரஸ் 1933 பிப்ரவரி 21-ல் அனுமதி கொடுத்தது. அதற்கு முதல் நாள்தான் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு ஜனாதிபதி ஹூவர் அடிக்கல் நாட்டியிருந்தார். 6 கோடியே 29 லட்சம் பேரில் இன்று பெயரோடு மிஞ்சியிருப்பவர்கள் 6 ஆயிரத்துச் சொச்சம். நான் ஒரு ரெக்கார்டு ரூம்காரன். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தீயைத் திட்டிக்கொண்டே பல நாள் கழிந்தது. நூலகத்து அம்மாள்தான் கேட்டார்: “முன்னாள் சிப்பாய்களுக்கென்று 1890-ல் தனியாக ஓர் அட்டவணை எடுத்தார்களே, அதைப் பார்த்தீர்களா?” அகரவரிசையில் கென்டக்கியில் பாதியிலிருந்து பின்னால் வரும் மாநிலங்களின் ஏடுகள் தப்பித்துக் கிடக்கின்றன. ஒஹாயோ பத்திரமாக இருக்கிறது. படை, பதவி, சேவைக்காலம், உடம்பில் ஏற்பட்ட ஊனம் எல்லாவற்றுக்கும் அதில் கலம் உண்டு.

பெரியவர் இருந்தார். ஊர் சரி, பெயர் சரி. சேவைக்காலம் மூன்று மாதமும் சில நாட்களும். ஊனம் என்ற கலத்தில்: நாள்பட்ட வயிற்றுப்போக்கு.

1864-ல் ஒஹாயோ உள்ளிட்ட சில மாநிலங்களின் ஆளுநர்கள் நூறு நாள் சேவைக்கு ஆள் தருவதாக லிங்கனிடம் சொன்னார்கள். பழகிய படைகள் போர்முனைக்குப் போகட்டும், பின்னால் ரயில் பாதையையும் பாலத்தையும் கோட்டையையும் நூறு நாள் ஆட்கள் காவல் காக்கட்டும் என்பது திட்டம். ஒஹாயோவிலிருந்து மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நம் பெரியவர் காவல் காத்தது ஒரு ரயில் பாலம். அதை யாரும் வந்து தாக்கவில்லை. கெட்ட தண்ணீர் தாக்கியது. அந்தப் போரில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோய்வந்து செத்தவர்கள் அதிகம் என்பதால், அவர் பிழைத்து வந்ததே பெரிய காரியம்தான். ஆனால் அதைப் பீரங்கிப் படத்துக்குப் பக்கத்தில் எப்படி எழுதுவது?

“சாப்பிடற இடத்துல பேசற பேச்சாப்பா இது?” என்றாள் மகள்.

சம்பந்தி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வயிறு கொஞ்சம் அப்படித்தான் என்றார்.

கடைசியில் பணம் கட்டி, வாஷிங்டன் தேசியக் காப்பகத்திலிருந்து பெரியவரின் பென்ஷன் கோப்பை வரவழைத்தேன். அது வந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. 1890 ஜூன் 27-ஆம் தேதிச் சட்டப்படி, குறைந்தது 90 நாள் சேவை செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவர், உடலுழைப்புக்கு லாயக்கில்லாமல் போனால் மாதம் 6 முதல் 12 டாலர் வரை பென்ஷன் வாங்கலாம். ஊனம் போரில்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம்மவர் நூறு நாள் ஆள். பத்து நாள் மிச்சத்தில் தேறிவிட்டார். தகுதிச் சேவைக்கு ஒரு மாதம் குறைந்து பென்ஷன் போன ஆட்களை நான் நேரில் பார்த்தவன். பெரியவரை நினைத்து அன்று மனம் நிறைந்தது. டாக்டர் சர்ட்டிபிகேட், பக்கத்து நிலத்துக்காரர்களின் சத்தியப் பிரமாணம், நிராகரிப்பு, மறுபடி விண்ணப்பம், எல்லாம் தேதிவாரியாகக் கோத்திருந்தது. என்ன அழகான கோப்பு!

(இந்தப் போரின் பென்ஷன் எவ்வளவு தூரம் நீண்டது தெரியுமா? வட கரோலினாவில் ஐரீன் ட்ரிப்லெட் என்ற பெண்மணி, தன் அப்பாவின் சேவைக்காக 2020-ல் சாகும் வரை மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிவந்தார். அப்பாவுக்கு 83 வயதில் பிறந்தவர். எந்தக் கருவூல அதிகாரி இதை முதல் தடவையிலேயே நம்பியிருப்பார்?)

கோப்பின் நடுவில் 1898-ல் பென்ஷன் அலுவலகம் எல்லோருக்கும் அனுப்பிய ஒரு கேள்வித்தாள் இருந்தது. மனைவி பெயர், பிறந்த வீட்டுப் பெயர், கல்யாணம் எப்போது, எங்கே, அதற்கு ஆதாரம் என்ன, உயிரோடிருக்கும் பிள்ளைகள் யார் யார், பிறந்த தேதிகள். பெரியவர் ஒரு கேள்வியையும் விடாமல் பதில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். மனைவி ஹெஸ் குடும்பத்துப் பெண்ணாம். கல்யாணப் பதிவில் அந்தப் பெயரை நான் முன்பே பார்த்ததுதான். அந்தக் காலத்துக் கையெழுத்தில் இரட்டை எஸ் வந்தால் முதல் எழுத்தை எஃப் மாதிரி நீட்டி எழுதுவார்கள் என்று தெரியாமல், ‘ஹெஃப்ஸ்’ என்று படித்துக்கொண்டு, உலகத்தில் இல்லாத ஹெஃப்ஸ் குடும்பத்தைத் தேடி ஒரு குளிர்காலத்தையே விரயம் செய்திருந்தேன். பிள்ளைகள் வரிசையில் முதல் பெயர் மேரி. சம்பந்தியின் தாத்தாவைப் பெற்றவர் நாலாவதாக இருந்தார். நான் குதித்துத் தாண்டிய தலைமுறைகளில் முதல் படி அந்தத் தாளில் அவர் கையாலேயே எழுதிக் கிடந்தது.

பேத்தியின் படத்தில் பீரங்கிமேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி ஒரு பாலம் வரைந்து கொடுத்தேன். பேத்திக்குப் பாலம் பிடிக்கவில்லை.

ஹானோவரில் அவர் பிறந்த கிராமம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் மேலே தேடவேண்டுமென்றால் மாதாகோயில் ஏடுகளைத்தான் பார்க்க வேண்டும். கிராமத்தின் பெயர் இல்லாமல் எந்த மாதாகோயிலைப் பார்ப்பது? 1898 கேள்வித்தாளில் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பார்.

குளிர்காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பந்தி வீட்டு முன்னோர் யாராவது உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் இருந்தார் என்று கேள்விப்பட்டால், வேறு எதையும் தொடாமல் முதலில் அவர் பென்ஷன் கோப்புக்கு எழுதிப்போடுங்கள். வந்துசேர நாளாகும். அதுவரை சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறக்காதீர்கள்.